பிள்ளையின் இதயத்தில் இரைச்சல் கேட்டால்

பாடசாலை வைத்தியப் பரிசோதனையில் "இதயத்தில் ஒரு சத்தம் கேட்கிறது, கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்" என்று துண்டு எழுதிக் கொடுத்தால் போதும். "பிள்ளைக்கு இதயத்தில் ஓட்டையாம்" என்று அயலெல்லாம் கதை பரவிவிடும். அன்று முதல் பிள்ளைக்கு ஓட்டமுமில்லை, விளையாட்டுமில்லை. இப்படி மூலைக்குள் இருத்தப்பட்ட பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம்.

வாய்க்காலில் தண்ணீர் வேகமாக ஓடினாலும் சலசலக்கும். வாய்க்கால் கதவு சரியாக மூடாமல் கசிந்தாலும் சலசலக்கும். இதயமும் அப்படித்தான். வளரும் பிள்ளைகளில் கேட்கும் இரைச்சல்களில் பெரும்பாலானவை முதலாவது வகை. காய்ச்சலோ இரத்தச்சோகையோ உள்ளபோது கூடுதலாகக் கேட்கும். இந்த இரைச்சலுக்கு மருந்தும் வேண்டாம், ஓட்டத்தைத் தடுக்கவும் வேண்டாம். ஆனால் எந்த வகை என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். தேவையானால் ஈ.சி.ஜி., எக்கோ பரிசோதனைகள் செய்விப்பார்.

கசியும் கதவு வகையில், இடம்பெயர்ந்த குடும்பங்கள் முக்கியமாக அறியவேண்டியது மூட்டுவாதக் காய்ச்சல். ஒரே கொட்டிலில் பலர் நெருங்கிப் படுக்கும்போது தொண்டைநோக் கிருமி இலகுவாகப் பரவும். தொண்டைநோ மாறி 2, 3 வாரங்களின் பின் காய்ச்சலுடன் முழங்கால், கணுக்கால் என்று மூட்டுகள் மாறிமாறி வீங்கி நோகும். மூட்டுநோ மாறிவிடும், இதய வால்வு பழுதாகி நின்றுவிடலாம். நோய் திரும்ப வராமல் காப்பது 3 அல்லது 4 வாரங்களுக்கொருமுறை போடும் பென்சிலின் ஊசி. பல ஆண்டுகள் போடவேண்டும். சுகமாகத்தானே இருக்கிறான் என்று இடையில் நிறுத்துவது பெரும் பிழை. இடம் மாறும்போது குடும்ப அட்டையோடு கிளினிக் கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். புதிய இடத்து ஆஸ்பத்திரியில் அதைக் காட்டி ஊசியைத் தொடருங்கள்.

இரைச்சல் கேட்கவில்லை என்பதால் மட்டும் இதயம் நலமென்று முடிவுகட்டவும் முடியாது. 2003 யூன் 26இல் பிரான்சின் லியோன் நகரில் கமரூன் காற்பந்து வீரர் மார்க் விவியன் ஃபோ, 28 வயதில், ஆட்டத்தின் நடுவே விழுந்து இறந்தார். அவருக்கு இதயத் தசை தடிக்கும் நோய் இருந்தது பிரேத பரிசோதனையில் தெரியவந்தது. இது பெரும்பாலும் குடும்ப வழியாக வருவது. எமது குடும்பங்களில் இழப்புகள் பல. அவற்றினிடையே, இளவயதில் காரணம் தெரியாமல் திடீரெனச் சாய்ந்த ஒரு சித்தப்பாவை வைத்தியரிடம் சொல்ல மறந்துவிடுகிறோம். சொல்லுங்கள்.

இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி எடுக்கும் பிள்ளை ஓடும்போதே மயங்கினால், நெஞ்சு நோகிறதென்றால், வைத்தியரிடம் காட்டும்வரை ஓடவிடாதீர்கள். "காலையில் சாப்பிடவில்லை, அதுதான்" என்று சோடா கொடுத்து மீண்டும் ஓடவிடுகிறார்கள்! விழுந்த பிள்ளை உணர்வின்றி, மூச்செடுக்காமல் கிடந்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒருவர் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடட்டும். மற்றவர் அது வரும்வரை நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை பலமாக அமத்திக்கொண்டிருக்க வேண்டும்.