நம்பிக்கைகளும் உண்மைகளும்: ஊருக்கே தெரிந்த காடி

நிபோங் திபாலில் பழைய காடி வைத்திருப்பவருக்கு வீட்டு எண் தேவைப்படுவதில்லை. "மஞ்சள் டட்சன் வீடு எது?" என்று கேட்டால், ரொட்டி சானாய் போடுகிறவரே மாவுக் கையால் வழி காட்டிவிடுவார். ஒரு காலத்தில் தோட்டத்துப் பெரிய கிராணியின் மோரிஸ் மைனருக்கு இருந்த மரியாதை, இன்று டட்சன் 120ஒய்க்கும் 1985-இல் வந்த முதல் தலைமுறை புரோட்டோன் சாகாவுக்கும் கிடைக்கிறது. ஞாயிறு காலை கழுவித் துடைத்து, கிரியான் ஆற்றைத் தாண்டி பாரிட் புந்தார் வரை ஒரு சுற்று போய் வந்தால் பார்க்கிறவர்கள் கை அசைப்பார்கள்.

சிக்கலும் அங்கேதான். ஊருக்கே தெரிந்த காடி திருடனுக்கும் தெரியும். எங்கே நிற்கிறது, வீட்டுக்காரர் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார், எந்தப் பட்டறையில் எஞ்சின் செய்தார் என்பதெல்லாம் டீ மேசையிலேயே கிடைக்கும் தகவல்கள். அதே மேசையில் அடிக்கடி கேட்கும் சில நம்பிக்கைகளை உரசிப் பார்ப்போம்.

நம்பிக்கை: "நாற்பது வருடக் காடியை எவன் திருடுவான்? திருடினாலும் எங்கே விற்பான்?"

உண்மை: முழுக் காடியாக விற்க வேண்டிய அவசியமே இல்லை. உற்பத்தி நின்றுபோன வண்டியின் கதவு, பம்பர், டேஷ்போர்டு, கியர்பாக்ஸ் ஒவ்வொன்றுக்கும் தேடி அலைகிறவர்கள் உண்டு. 1993-இல் வந்து 2009-இல் நின்ற புரோட்டோன் வீரா, அதிகம் திருடுபோகும் கார்களின் பட்டியலில் பல ஆண்டுகள் முன்னணியில் இருந்ததற்குப் பாகங்களுக்கான கிராக்கியும் ஒரு காரணம். சட்டத்துக்கும் இது தெரியும். நம் தண்டனைச் சட்டத்தின் 379ஏ பிரிவு வாகனத்தைத் திருடுவதையும் அதன் பாகத்தைத் திருடுவதையும் ஒரே தட்டில் வைக்கிறது: குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, அபராதமும் விதிக்கலாம்.

"எல்லாருக்கும் தெரிந்த காடி" என்ற தைரியமும் உதவாது. 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் ஜேம்ஸ் பாண்ட் ஓட்டிய ஆஸ்டன் மார்ட்டின் டிபி5-ஐவிடப் புகழ்பெற்ற கார் உலகில் எத்தனை இருக்கும்? 1997-இல் ஃபுளோரிடாவில் ஒரு விமானக் கொட்டகையிலிருந்து அதுவே காணாமல் போனது. இருபது ஆண்டுகள் கடந்தும் அதன் சொந்தக்காரர் கைக்குத் திரும்பவில்லை.

நம்பிக்கை: "சாவி என் பாக்கெட்டில் இருக்கிறது, பிறகென்ன?"

உண்மை: பழைய பூட்டுக்குள் இருப்பவை சில மெல்லிய தகடுகள்தான். வருடக்கணக்கில் தேய்ந்த பூட்டு, தேய்ந்த வேறொரு சாவிக்கும் இணங்கிவிடும். சாவியில் சிப் வைத்து எஞ்சினைப் பூட்டும் இம்மொபிலைசர் 1990-களில்தான் பரவியது. அதற்கு முந்தைய வண்டியில் ஸ்டியரிங் அடியில் இரண்டு கம்பியைச் சேர்த்தால் எஞ்சின் உயிர் பெறும்.

இதற்கு மலிவான வைத்தியம் மறைவான ஒரு சுவிட்ச். ஆனால் எதைத் துண்டிக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கால கார்புரேட்டர் எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில் பெட்ரோல் பம்பை எஞ்சினே இயக்குகிறது. அதற்கு மின்சாரம் வேண்டாம். ஆகவே சுவிட்ச் போக வேண்டிய இடம் இக்னிஷன் காயில். பெட்ரோல் குழாயில் வால்வு வைத்தாலும், கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் எண்ணெயில் வண்டி கொஞ்ச தூரம் ஓடிவிட்டுத்தான் நிற்கும். பழைய டீசல் மெர்சிடிஸ் என்றால் கதையே வேறு: அதில் ஸ்பார்க் பிளக் கிடையாது, ஒருமுறை ஓடத் தொடங்கினால் மின்சாரத்தைத் துண்டித்தாலும் நிற்காது. அங்கே ஸ்டார்ட்டரைத் துண்டிப்பதோடு ஸ்டியரிங் பூட்டும் சக்கரப் பூட்டும் வேண்டும்.

சுவிட்ச் இருக்கும் இடத்தை மட்டும் டீ மேசையில் சொல்லாதீர்கள்.

நம்பிக்கை: "என் காடி ஓடவே ஓடாது. அதை எப்படி எடுத்துப் போவான்?"

உண்மை: லாரியில். 2001-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1938-ஆம் ஆண்டு டால்போ-லாகோ கார் ஒன்று திருடுபோனது. அது ஓடும் நிலையில் இல்லை. பாகம் பாகமாகக் கழற்றிப் போடப்பட்டிருந்தது. திருடர்கள் பாகங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

நம் ஊரில் இதைவிடச் சுலபம். பட்டப்பகலில் ஒரு டோ லாரி தாமானுக்குள் வந்து பழைய காடியைத் தூக்கினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பழைய காடி என்றால் அடிக்கடி பட்டறைக்குப் போவதுதானே! ஆகவே வண்டியின் முகத்தைச் சுவர் பக்கம் வைத்து, முன்சக்கரங்களை முழுக்க ஒடித்து நிறுத்துங்கள். சக்கரத்துக்குப் பூட்டுப் போடுங்கள். கார் நிற்கும் இடத்துச் சிமெண்டுத் தரையில் ஓர் இரும்பு வளையம் பதித்துச் சங்கிலியால் கட்டுவது பார்க்க அழகாக இருக்காது. திருடனுக்கும் அது பிடிக்காது.

நம்பிக்கை: "ஜிபிஎஸ் போட்டாச்சு. எங்கே போனாலும் பிடித்துவிடலாம்."

உண்மை: ஜிபிஎஸ் திருட்டைத் தடுப்பதில்லை, போன பிறகு சேதி சொல்கிறது, அதுவும் சொல்ல முடிந்தால்தான். 2021 இறுதியில் நம் நாட்டில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டது. அதை மட்டுமே நம்பியிருந்த பழைய கருவிகள் அன்றோடு ஊமையாகிவிட்டன. உங்களுடையது பேசுகிறதா என்று இன்றே சோதியுங்கள். இரும்புக் கொள்கலனுக்குள் வண்டியை ஏற்றினால் சிக்னல் மங்கும். பேட்டரியைக் கழற்றினால், சொந்த பேட்டரி இல்லாத கருவி செத்துவிடும். ஏர்டேக் போன்ற சிறு வில்லைகள் தொல்லை தரப் பின்தொடர்வதைத் தடுக்க வடிவமைக்கப்பட்டவை என்பதால், கூடவே வரும் அந்நியரின் கைப்பேசிக்கும் எச்சரிக்கை அனுப்பக்கூடும். வைத்திருங்கள், ஆனால் அது கடைசிக் காவல். இடம் தெரிந்தால் போலீசிடம் சொல்லுங்கள். நீங்களே துரத்திப் போகாதீர்கள்.

நம்பிக்கை: "இன்சூரன்ஸ் இருக்கே!"

உண்மை: எந்த இன்சூரன்ஸ்? வயதான வண்டிகளுக்குப் பலரும் எடுப்பது மூன்றாம் தரப்புக் காப்புறுதி. அதில் திருட்டுக்கு ஒரு காசு வராது. முழுக் காப்புறுதியே இருந்தாலும் அது சந்தை விலைக்கா, முன்கூட்டியே ஒப்புக்கொண்ட விலைக்கா என்று பாருங்கள். சந்தை விலை என்றால், நீங்கள் ஐந்து வருடம் ஓவர்டைம் பார்த்துச் செய்த பெயின்டும் குரோமும் கணக்கில் வராமல் போகலாம்.

இன்னொரு பொறி இருக்கிறது. "அண்ணே, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறேன்" என்று வாங்க வந்தவர் சாவியை வாங்கிக்கொண்டு திரும்பி வராவிட்டால், அது ஏமாற்று அல்லது நம்பிக்கை மோசடி. வழக்கமான வாகனக் காப்புறுதியில் இவை விலக்கப்பட்டவை. பக்கத்து இருக்கையில் உட்காராமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

நம்பிக்கை: "24 மணி நேரம் கழித்துத்தான் போலீசில் ரிப்போர்ட் எடுப்பார்கள்."

உண்மை: அப்படி ஒரு விதியே இல்லை. எந்தக் காவல் நிலையத்திலும் உடனே புகார் தரலாம். நம் ஊரில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு: பாலம் தாண்டினால் பேராக், பக்கத்திலேயே கெடா, ஜாவி டோலில் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் தாய்லாந்து எல்லை.

புகாருக்குப் போகும்போது நம்பர் பிளேட் எண் மட்டும் போதாது. அதை மாற்ற ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். சேசிஸ் எண், எஞ்சின் எண், உங்களுக்கு மட்டுமே தெரிந்த வெல்டிங் தழும்பு, கதவின் உள்பக்கக் கீறல் எல்லாவற்றையும் இன்றே படமெடுத்து வையுங்கள். கிராண்ட் வீட்டில் இருக்கட்டும். டேஷ்போர்டுக்குள் வைத்தால் திருடனுக்குச் சீதனம் கொடுத்தது போல. அந்த டால்போ-லாகோ 2016-இல் அகப்பட்டதும் இப்படித்தான்: புதிதாக வாங்கியவர் பதிவுக்கு விண்ணப்பித்தபோது பழைய திருட்டுப் பதிவு குறுக்கே வந்தது. பதினைந்து வருடம் ஆனாலும் எண் மறக்கவில்லை. இங்கேயும் பெயர் மாற்றத்துக்கான சோதனையில் பார்ப்பது இந்த எண்களைத்தான். மலிவாகக் கிடைக்கிறதே என்று கிராண்ட் இல்லாத காடியை வாங்குகிறவர்கள் இதை நினைவில் வைக்கட்டும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு காவல் பாக்கி இருக்கிறது. அதற்குக் காசு வேண்டாம். எந்தப் பூட்டும் திருடனின் வேலையைச் சில நிமிடம்தான் தள்ளிப்போடும். அந்தச் சில நிமிடத்தில் யார் பார்க்கிறார்கள் என்பதே கேள்வி. எதிர்வீட்டு ஆன்ட்டியிடமும் மூலைக்கடைக்காரரிடமும் உங்கள் எண்ணைக் கொடுத்து ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: "என் காடியைத் தூக்க நானாக லாரி அனுப்பினால், முதலில் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் அனுப்புவேன். சொல்லாமல் லாரி வந்தால் எனக்கு ஃபோன் போடுங்கள். நான் எடுக்காவிட்டால் போலீசுக்குப் போடுங்கள்."