கையகத்து நூல்நிலையம்

நூல்நிலையம் என்றவுடன் நெடிய நிலைப்பேழைகளும், அவற்றில் வரிசையாக நிற்கும் நூல்களும் நம் நினைவிற்கு வரும். இக்காலத்திலோ ஆயிரக்கணக்கான நூல்கள் கையில் ஏந்தும் சிறு கருவி ஒன்றில் அடங்கிவிடுகின்றன. அதனை மின்னூற் கருவி என்பர். எழுத்து மட்டுமே உள்ள மின்னூல் பெரும்பாலும் ஓரிரு மெகாபைட் அளவிற்குள் அடங்கும். ஆதலின், 8 கிகாபைட் கொள்ளளவுடைய கருவியும் சில ஆயிரம் நூல்களைத் தாங்கவல்லது. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்கள் பலவற்றை விலையின்றி வழங்கி வருகிறது.

நூல்களைச் சேர்த்தல் எளிது. வேண்டும்போது தேடி எடுத்தலே அரிது. ஒருவன் 3,000 நூல்களைச் சேர்த்தான் என்று கொள்வோம். கருவியின் திரை ஒருமுறைக்குப் பத்துப் பெயர்களைக் காட்டுமாயின், அவன் 300 பக்கங்களைப் புரட்டவேண்டும். அச்சு நூலை அதன் பருமனாலும் அட்டையின் நிறத்தாலும் அடையாளம் காணலாம். மின்னூலைப் பெரும்பாலும் அதனுடன் இணைந்த குறிப்பைக் கொண்டே அறிகிறோம். கண்டெடுக்க இயலாத நூல் இருந்தும் இல்லாததே அன்றோ?

சீர்காழியில் 1892இல் பிறந்த அரங்கநாதன் என்னும் அறிஞர் இவ்வுண்மையை நன்கு உணர்ந்தவர். கணிதப் பேராசிரியராய் இருந்த அவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்து 1931இல் நூலாக வெளியிட்டார். படிப்பவரின் காலத்தைச் சேமிக்கவேண்டும் என்பது அவற்றுள் நான்காவது விதி. மின்னூல் சேர்ப்போருக்கும் அவ்விதி பொருந்தும்.

முதற்கண், நூற்பெயரையும் ஆசிரியர் பெயரையும் ஒரே முறையில் எழுதுதல் வேண்டும். ஓரிடத்தில் 'உ. வே. சா.' என்றும், மற்றோரிடத்தில் 'சாமிநாதையர்' என்றும் எழுதினால், கருவி அவரை இருவராகவே கருதும். இத்தகைய பிழைகளைக் கணினியில் திருத்துவதற்குக் 'காலிபர்' என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது.

அடுத்து, நூல்களைப் பொருள்வாரியாகத் தொகுத்தல் வேண்டும். மரப்பேழையில் ஒரு நூல் ஓரிடத்தில்தான் நிற்கும். மின்னூற் கருவியிலோ ஒரே நூலைப் பல தொகுதிகளில் வைக்கலாம். 'என் சரித்திரம்' என்னும் நூல் தன்வரலாற்றுத் தொகுதியிலும் இருக்கலாம். தமிழ்க் கல்வி பற்றிய தொகுதியிலும் இருக்கலாம். ஆயினும், தொகுதிகள் அளவிறந்து பெருகின் அவற்றைத் தேடுவதே தனிவேலை ஆகிவிடும். 'படித்தவை', 'படிப்பவை', 'படிக்க வேண்டியவை' என்னும் மூன்று தொகுதிகளும் பெரிதும் உதவும்.

மூன்றாவதாக, படி எடுத்து வைத்தல் வேண்டும். ஏட்டுச்சுவடிகள் பல செல்லுக்கும் தீக்கும் இரையாயின. மின்னூலைச் செல் அரிப்பதில்லை, ஆனால், கருவி பழுதுறலாம், தொலைந்தும் போகலாம். ஆகவே, கணினியில் ஒரு படியும், வேறோர் இடத்தில் மற்றொரு படியும் இருத்தல் நலம்.

மாணவர்களே! ஒழுங்குபடுத்துதல் ஒருநாட் பணியன்று. புதிய நூல் வந்த அன்றே அதன் குறிப்பைத் திருத்தி, உரிய தொகுதியில் சேர்த்துவிடுங்கள். அதற்குச் சில நிமிடங்களே ஆகும். அவ்வாறு மிச்சமாகும் பொழுது படிப்பதற்கே உரியது. எத்தனை நூல்கள் சேர்த்தோம் என்பதினும், எத்தனை நூல்களைக் கற்றோம் என்பதே பெருமை தருவதாகும்.