வட்டமாக உட்கார்ந்து எடுத்த படங்கள்

அன்புத் தங்கைக்கு,

தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். எந்த கேமரா வாங்கலாம், முன்பின் தெரியாதவர்களைப் பேச வைப்பது எப்படி என்று இரண்டு கேள்விகளும் கேட்டிருக்கிறாய். முதல் கேள்விக்குப் பதில் சுலபம். கையில் இருப்பதை வைத்துத் தொடங்கு, காசு மிஞ்சினால் நல்ல மைக் வாங்கு. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்கிற பார்வையாளர், பேச்சு காதில் விழாவிட்டால் எழுந்து போய்விடுவார். இரண்டாவது கேள்விக்கு, பெங்களூரில் வாழும் ஆவணப்பட இயக்குநர் தீபா தன்ராஜ் நாற்பது வருடத்துக்கும் மேலாகச் செய்துவரும் வேலையைச் சொல்வதுதான் சரியான பதிலாக இருக்கும்.

தீபா 1953இல் பிறந்தவர். அவர் இந்தத் துறைக்கு வந்த காலத்தில் ஆவணப்படம் என்றாலே ஃபிலிம்ஸ் டிவிஷன்தான். 1948இல் தொடங்கிய அந்த அரசு நிறுவனத்தின் படங்கள் கொட்டகையில் மெயின் படத்துக்கு முன்னால் கட்டாயமாக ஓடும். அணைக்கட்டு, வெள்ள நிவாரணம், அமைச்சர் வருகை. பின்னணியில் ஒரு கனத்த ஆண்குரல் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டே போகும். திரையில் தெரிகிற ஆள் வாய் திறப்பது அபூர்வம். சாஸ்திரி, சுக்தேவ் போன்ற சில இயக்குநர்கள் அதே கூரையின் கீழ் இருந்துகொண்டு வேறு மாதிரி முயன்றார்கள் என்பது தனிக்கதை.

நெருக்கடி நிலை முடிந்து, பெண்கள் இயக்கங்கள் ஊருக்கு ஊர் முளைத்த நேரம் அது. மதுரா என்ற பெண்ணைக் காவல் நிலையத்தில் பாலியல் வன்கொடுமை செய்த வழக்கில் காவலர்களை விடுவித்த தீர்ப்பை எதிர்த்து 1980இல் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். அதே ஆண்டில் தீபா, ஆபா பையா, மீரா ராவ், ஒளிப்பதிவாளர் நவ்ரோஸ் கான்ட்ராக்டர் ஆகியோர் சேர்ந்து 'யுகாந்தர்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். மூன்றே வருடத்தில் நான்கு படங்கள். புனேயில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் சங்கம் சேர்ந்ததைப் பற்றி 'மோல்கரீண்'. நிப்பாணி புகையிலைத் தொழிலாளர்களைப் பற்றி 'தம்பாக்கு சாகிலா ஊப் ஆலி'. ஹைதராபாத்தில் தெலுங்கில் எடுத்த 'இதி கதா மாத்ரமேனா'. இமயமலை அடிவாரத்தில் மரங்களைக் காக்கப் போராடிய சிப்கோ இயக்கப் பெண் ஒருவரைப் பின்தொடர்ந்த 'சுதேஷா'.

நிப்பாணிப் படத்தைத்தான் நீ முதலில் பார்க்க வேண்டும். கர்நாடகத்தின் வட எல்லையில், மராத்தி பேசும் ஊர். பீடிப் புகையிலையைப் பதப்படுத்தும் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் தூசுக்குள் வேலை பார்த்தார்கள், பிறகு சங்கம் கட்டி எழுந்தார்கள். யுகாந்தர் குழு அங்கே போய் நான்கு மாதம் அவர்களோடு இருந்தது. கூலி, வேலை நேரம், மேஸ்திரியின் தொல்லை, வேலைநிறுத்தத்தை எப்படி நடத்தினார்கள் என்பதையெல்லாம் வட்டமாக உட்கார்ந்து பேசினார்கள். எதைக் காட்டுவது, எந்த வரிசையில் சொல்வது என்பதைத் தொழிலாளர்களும் சேர்ந்தே முடிவுசெய்தார்கள். தொழிற்சாலைக்கு உள்ளே நடப்பதை அதுவரை வெளியில் யாரும் திரையில் பார்த்ததில்லை. இந்தப் படத்தில் பார்க்க முடிகிறது.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கும் இருக்கிறது. 16 எம்எம் ஃபிலிமில் நானூறு அடிச் சுருள் ஒன்று ஏறக்குறைய பதினோரு நிமிடத்தில் ஓடி முடிந்துவிடும். சுருளுக்குக் காசு, கழுவக் காசு, பிரிண்ட் போடக் காசு. ஆகவே கேமராவை ஓடவிடும் முன்பே யார் என்ன சொல்லப்போகிறார், அது ஏன் வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். உன் தலைமுறைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நூறு மணி நேரம் எடுத்துக்கொண்டு வந்து எடிட்டிங் மேசையில் படத்தைத் தேடுகிற பழக்கம் இன்று எங்கும் இருக்கிறது. ஹார்டு டிஸ்க் மலிவாகக் கிடைப்பதால் வந்த சோம்பல் என்றே அதைச் சொல்லலாம். நான்கு மாதப் பேச்சை நான்கு மாத ஃபுட்டேஜ் ஈடுகட்டாது.

'இதி கதா மாத்ரமேனா' இன்னொரு சங்கதியைச் சொல்லித்தரும். கணவனிடம் அடி வாங்கும் பெண் கேமரா முன்னால் உட்கார்ந்து தன் கதையைச் சொன்னால், படம் முடிந்த பிறகு அவள் திரும்பிப் போவது அதே வீட்டுக்குத்தான். யுகாந்தரும் ஹைதராபாத்தின் ஸ்த்ரீ சக்தி சங்கடனா அமைப்பும் பல பெண்களின் அனுபவங்களைச் சேர்த்துப் பேசி, அவற்றிலிருந்து ஒரு சின்னக் கதைப்படத்தை உருவாக்கினார்கள். ஆவணப்படக்காரர்கள் நடிப்பைத் தொடலாமா என்று கேட்பவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. ஒருத்தியின் முகத்தைக் காட்டாமல் உண்மையைச் சொல்ல அதுதான் வழி என்றால், தாராளமாகத் தொடலாம்.

எல்லா இடத்திலும் இப்படி உட்கார வாய்க்காது. 1984இல் ஆந்திர முதல்வர் என்.டி. ராமராவின் ஆட்சி கவிழ்க்கப்பட்டு, ஹைதராபாத் அரசியல் கொதித்துக்கொண்டிருந்த சமயத்தில் பழைய நகரத்தில் மதக்கலவரம் மூண்டது. ஊரடங்குக்கு நடுவே எடுத்ததுதான் 1986இல் வெளிவந்த 'க்யா ஹுவா இஸ் ஷஹர் கோ'. மேடைப் பேச்சு, ஊர்வலம், எரிந்த வீடு என்று அந்தப் படத்தின் நடையே வேறு. கலவரம் தானாக வெடிப்பதில்லை, அதற்கு முன்னேற்பாடு உண்டு என்பதை அது பேச்சாளர்களின் வாயாலேயே காட்டிவிடுகிறது.

இனி 'சம்திங் லைக் எ வார்'. பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்டு 1991இல் வந்தது. தீபாவின் பெயரை உலகறியச் செய்த படம் இதுதான். பொருள், குடும்பக் கட்டுப்பாடு. நெருக்கடி நிலையின்போது, 1976-77இல் மட்டும் நாட்டில் எண்பது லட்சத்துக்கும் அதிகமான கருத்தடை ஆபரேஷன்கள் நடந்தன. பெரும்பாலும் ஆண்களுக்கு, பல இடங்களில் கட்டாயப்படுத்தி. அடுத்த தேர்தலில் இந்திரா காந்தி தோற்றதும் ஆண்களைத் தொடவே அரசியல்வாதிகள் பயந்தார்கள். ஆனால் இத்தனை ஆபரேஷன் என்ற இலக்கு ஒழியவில்லை. பெண்கள் பக்கம் திரும்பியது. சிறு துளை வழியே ஆபரேஷன் செய்ய உதவும் லேப்ராஸ்கோப் கருவி வந்த பிறகு முகாம் போட்டு வரிசையாகப் படுக்கவைக்க முடிந்தது. கிராமத்து நர்ஸ் ஆபரேஷனுக்கு மாதத்துக்கு இத்தனை 'கேஸ்' பிடிக்க வேண்டும் என்ற நெருக்கடி நம் ஊரிலும் பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும்.

படத்தில் ஒரு டாக்டர் வருகிறார். முகாமில் பெண்களுக்கு ஆபரேஷன் செய்தபடியே தன் வேகத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறார். படம் அவரோடு சண்டை போடவில்லை. அவர் மறைத்ததை யாரும் திருடி எடுக்கவும் இல்லை. பெருமைக்குரியது என்று அவரே நினைத்ததை முழுசாகச் சொல்ல இடம் கொடுத்தது, அவ்வளவே. மறுபக்கம் கிராமத்துப் பெண்கள் கூடி உட்கார்ந்து, தரையில் ஒரு பெண்ணுடலை வரைந்து வைத்துக்கொண்டு மாதவிடாய், ஆசை, பிள்ளைப்பேறு, குடும்பத்தில் தங்கள் மதிப்பு என்று கூச்சமில்லாமல் பேசுகிறார்கள். ஒரே உடலை அரசாங்கம் எண்ணாகப் பார்க்கிறது, அதை உடையவள் வேறு எதையெல்லாமோ பார்க்கிறாள்.

முகாம் காட்சிகள் இன்று பார்ப்பவரை உறுத்தும். மேசையில் கிடக்கிறவளுக்கு கேமராவை வேண்டாம் என்று சொல்லும் தெம்பு எங்கே இருந்திருக்கும்? இந்தக் கேள்வியை நீ தாண்டிப் போகக் கூடாது. அந்த உடல்களை வெறும் பரிதாபமாக விட்டுவிடாமல் காப்பாற்றுவது, மறுபக்கம் சிரித்துப் பேசும் அந்தப் பெண்கள் கூட்டம்தான். அது இல்லாமல் முகாம் மட்டும் இருந்திருந்தால் படமும் அந்த டாக்டர் செய்ததையே செய்திருக்கும்.

தமிழ்ப் பெண்களும் தீபாவின் படத்தில் பேசியிருக்கிறார்கள். 2011இல் வந்த 'இன்வோக்கிங் ஜஸ்டிஸ்', புதுக்கோட்டை ஷரீஃபா கானமும் அவரோடு சேர்ந்த முஸ்லிம் பெண்களும் உருவாக்கிய பெண்கள் ஜமாஅத்தைப் பற்றியது. ஆண்கள் மட்டுமே உட்காரும் ஜமாஅத்தில் பெண்ணின் வழக்கை அவள் இல்லாமலே பேசி முடிப்பதை எதிர்த்து 2004இல் தொடங்கியது. படம் வந்த சமயத்தில் 12 மாவட்டங்களில் 12,000 உறுப்பினர்கள், தீர்த்துவைத்த வழக்குகள் 8,000க்கு மேல். இங்கே இயக்குநர் தனியாக ஒரு கூட்டத்தைக் கூட்ட வேண்டிய தேவையே இல்லை. ஜமாஅத்தின் விசாரணையே ஒரு கூட்டம்தான். தலாக், அடிதடி, கொலை வரைக்கும் அங்கே பேசப்படுகிறது. படம் அவசரப்படாமல் கேட்கிறது.

பிழைப்பு எப்படி ஓடும் என்று நீ கேட்கவில்லை, உன் அம்மா கேட்பார். தலித், ஆதிவாசிக் குடும்பங்களில் முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைகளின் ஆசிரியர்களுக்காக தீபா பயிற்சி வீடியோக்களும் செய்திருக்கிறார். பெரிய படத்துக்கும் பெரிய படத்துக்கும் நடுவே இப்படியான வேலைகள் இருக்கும். அதைக் குறைவாக நினைக்காதே. இடையூறுக்கும் தயாராக இரு. நம் ஊர் இயக்குநர் திவ்யபாரதி துப்புரவுத் தொழிலாளர்களைப் பற்றி 2017இல் எடுத்த 'கக்கூஸ்' படத்தைத் திரையிடக் காவல்துறை தடுத்தது; அவர் யூடியூபில் போட்டார், அங்கே லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். ஹைதராபாத் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோஹித் வேமுலாவின் மரணத்துக்குப் பின் எழுந்த மாணவர் போராட்டத்தைப் பற்றி தீபா 2018இல் 'வி ஹேவ் நாட் கம் ஹியர் டு டை' எடுத்தபோது அவருக்கு அறுபத்தைந்து வயது.

யுகாந்தர் படங்கள் பல வருடம் கண்ணில் படாமல் கிடந்து, பெர்லினில் இருக்கும் ஆர்செனல் அமைப்பின் முயற்சியால் மீட்டெடுக்கப்பட்டன. உனக்கு அந்த நிலை வர வேண்டியதில்லை. எடுத்ததில் ஒரு பிரதியை உன்னிடமும் இன்னொன்றை உப்பளத் தொழிலாளர் சங்கத்திடமும் வை. தேதி, இடம், பேசியவரின் சம்மதம் எல்லாவற்றையும் அன்றன்றே எழுது.

ஜனவரியில் பாத்தி கட்டும்போது போய் எடுக்கலாம் என்று திட்டம் போட்டிருக்கிறாய். அதற்கு முன்னால், இந்த அக்டோபரிலேயே கேமரா இல்லாமல் போ. மழை இறங்கிவிட்டால் உப்பளத்தில் வேலை கிடையாது; விடியும் முன்பே கிளம்ப வேண்டியவர்கள் வீட்டில் இருப்பார்கள். கையில் காசு இல்லாத மாதங்கள் அவை, கடனைப் பற்றித்தான் பேச்சு இருக்கும். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திரு. என்ன எடுக்க வேண்டும் என்று டிசம்பரில் அவர்களிடமே கேள்.

அன்புடன்,
அக்கா