வீட்டுப் பட்டறையில் டர்போ டீசல் என்ஜின் – எதுவரை முடியும்?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



நம் துறையில் படிக்கும் யாரைக் கேட்டாலும் ஓர் ஆசை சொல்வார்கள். ஓர் என்ஜினை நாமே கட்டி ஓடவிட வேண்டும் என்பதுதான் அது. அதிலும் டர்போசார்ஜர் பூட்டிய கார் டீசல் என்ஜின் என்றால் கேட்கவே வேண்டாம்! பெரிய கம்பெனிகள் செய்யும் அந்த வேலையை வீட்டுக் கொட்டகையில், நாமே செய்த கருவிகளைக் கொண்டு செய்ய முடியுமா? "எல்லாம் முடியும்" என்று மார்தட்டுவதும் சரியல்ல. "நமக்கெதுக்குப்பா அதெல்லாம்" என்று ஒதுங்குவதும் சரியல்ல. எது கைக்கு அடங்கும், எது அடங்காது என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கழற்றிப் படித்த மனிதர்

இந்த ஆசைக்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு முன்னோடி உண்டு. அவர்தான் கோவை ஜி.டி. நாயுடு. 1893 இல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பை முடிக்காதவர். ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவையில் ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியவர் ஓட்டிப் பார்த்ததோடு நிற்கவில்லை. பாகம் பாகமாகக் கழற்றிப் பார்த்துத் தொழிலைக் கற்றுக்கொண்டார். 1920 இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். 1937 இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின் மோட்டார் தயாரித்தார். 1945 இல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் உருவாக உதவினார். 1952 இல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் காரை 2,000 ரூபாய் விலைக்குத் திட்டமிட்டார். அரசு உரிமம் கிடைக்காததால் அது நின்றுபோனது.

அவர் வரலாற்றில் நமக்குரிய பாடம் ஒன்றுதான். செய்வதற்கு முன் கழற்று! கழற்றியதை அள! அளந்ததை எழுதி வை!

டீசல் எப்படித் தானே எரிகிறது?

டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்திச் சூடாக்கியே எரியவைக்கிறோம். அழுத்த விகிதம் 18 என்றும், உள்ளே வரும் காற்று 27 டிகிரி, அதாவது 300 கெல்வின் என்றும் வைத்துக்கொள்வோம். நாம் தெர்மல் பாடத்தில் போட்ட சூத்திரப்படி, சுவர் வழியே வெப்பம் சிறிதும் போகாவிட்டால், 300 ஐ 18 இன் 0.4 அடுக்கால் பெருக்க வேண்டும். ஏறக்குறைய 953 கெல்வின், அதாவது 680 டிகிரி வரும். நிஜத்தில் வெப்பம் கொஞ்சம் போய்விடும் என்பதால் 0.35 போட்டால் 550 டிகிரி வருகிறது. டீசல் தானே பற்றிக்கொள்ள 250 டிகிரியே போதும். ஆகவே சூடு தாராளமாக இருக்கிறது.

ஆனால் வால்வு சரியாக உட்காராமலோ, ரிங் தேய்ந்தோ காற்று கசிந்தால் இந்தக் கணக்கு அப்படியே கவிழ்ந்துவிடும். குளிர்காலக் காலையில் பழைய ஆயில் என்ஜினைச் சுற்றிச் சுற்றிக் கை ஓய்ந்துபோவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கைக்கு அடங்காத மூன்று

ஒன்று, இன்ஜெக்ஷன் பம்ப். அதன் பிளஞ்சருக்கும் பேரலுக்கும் உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! ருடால்ஃப் டீசல் 1897 இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக்காட்டிய என்ஜினில்கூட இப்படிப்பட்ட பம்ப் இல்லை. அழுத்திய காற்றைக் கொண்டுதான் எண்ணெயை உள்ளே ஊதினார்கள். பாஷ் கம்பெனி இந்தப் பம்பைத் தொடர் உற்பத்தியாகச் செய்தது 1927 இல்தான். நம் நாட்டில் 1951 இல் தொடங்கிய மைக்கோ இதைச் செய்தது. எனவே பம்பை வாங்கத்தான் வேண்டும்.

இரண்டு, டர்போவின் சுழலி. சுவிஸ் பொறியாளர் ஆல்ஃப்ரெட் பூக்கி 1905 இல் டர்போ யோசனைக்குக் காப்புரிமை பெற்றார். டர்போ டீசல் கார் விற்பனைக்கு வந்ததோ 1978 இல், மெர்சிடிஸ் 300 எஸ்.டி. ஆக. ஏன் இத்தனை காலம்? ஒரு கணக்குப் போடுவோம். 40 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் 1,50,000 ஆர்.பி.எம். இல் சுற்றினால் அதன் விளிம்பின் வேகம் நொடிக்கு 314 மீட்டர். ஏறக்குறைய ஒலியின் வேகம்! அந்த விளிம்பில் ஒரே ஒரு கிராம் எடை கூடியிருந்தால் அது வெளியே இழுக்கும் விசை சுமார் 500 கிலோ. பத்து மில்லிகிராம் கூடினாலே 5 கிலோ இழுவை. ஆகையால் பேலன்ஸ் செய்யும் இயந்திரம் இல்லாமல் இந்தச் சக்கரத்தை அரம் போட்டுச் செய்வது தற்கொலைக்குச் சமம்.

மூன்று, கிராங்க் ஷாஃப்டும் சிலிண்டர் பிளாக்கும். பழையதை வாங்கி, கிராங்க்கை 0.25 மி.மீ. குறைத்துக் கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போடுவதே நடைமுறை. அதற்குக் கிரைண்டிங் பட்டறைக்குப் போக வேண்டியதுதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கைக்கு அடங்குபவை

சரி, மிச்சம் என்ன இருக்கிறது என்கிறீர்களா? நிறைய இருக்கிறது!

1. என்ஜின் ஸ்டாண்டு: பழைய ஆங்கிள் இரும்பை வெல்டிங் செய்தால் போதும். அடிப்பாகம் அகலமாக இருக்கட்டும்.

2. ரிங் கம்ப்ரஸர்: தகரத்தை வளைத்து ஹோஸ் கிளிப்பால் இறுக்கினால் பிஸ்டன் உள்ளே இறங்கிவிடும். அதற்குமுன் ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள் வைத்து ஃபீலர் கேஜால் வாய் இடைவெளி பாருங்கள். 100 மி.மீ. போருக்கு 0.3 முதல் 0.4 மி.மீ. வரை என்பது பொதுக் கணக்கு. அந்த என்ஜினின் புத்தகம் கிடைத்தால் அதில் உள்ளதே வேதம்.

3. வால்வு சோதனை: பேஸ்ட் போட்டுத் தேய்த்த பிறகு ஹெட்டைப் போர்ட் வாய் மேலே பார்க்கும்படி சாய்த்து, அதில் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் கழித்தும் கசியவில்லை என்றால் வேலை சுத்தம்.

4. டிகிரி பட்டை: ஃபிளைவீல் விட்டம் 300 மி.மீ. என்றால் சுற்றளவு 942 மி.மீ. அதை 360 ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு 2.6 மி.மீ. நீளமான காகிதப் பட்டையில் கோடு போட்டு ஒட்டிவிடலாம். டாப் டெட் சென்டர் கண்டுபிடிக்க, பிஸ்டன் முட்டும்படி ஒரு தடையை வைத்து, இருபுறமும் மெதுவாகச் சுற்றி இரண்டு குறி போடுங்கள். இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் சரியான இடம். இன்ஜெக்ஷன் டைமிங் முழுவதும் இந்தக் கோட்டை நம்பித்தான் இருக்கிறது.

5. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு: டர்போவைத் தாங்கும் இதைத் தடித்த குழாய் வளைவுகளை வெல்டிங் செய்து உருவாக்கலாம். ஃபிளாஞ்சு முகத்தைக் கண்ணாடிப் பலகையில் நீலம் தடவித் தேய்த்துச் சமன் பார்க்க வேண்டும். நம் ஃபிட்டிங் ஷாப்பில் அரம் பிடித்துச் சலித்த நாட்களுக்கெல்லாம் இங்கேதான் பலன்!

டர்போ தரும் லாபம் எவ்வளவு?

வெளிக்காற்றைவிட 1 பார் அதிகம் அழுத்தினால் காற்று இரண்டு மடங்கு கிடைக்கும் என்று பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. அழுத்தும்போது காற்று சூடாகி விரிகிறது. கம்ப்ரஸர் திறன் 70 சதவீதம் என்றால் 300 கெல்வின் காற்று 394 கெல்வின் ஆகிவிடும். அடர்த்தி கூடுவது 1.52 மடங்குதான். நடுவே இன்டர்கூலர் வைத்து 330 கெல்வினுக்குக் குளிர்வித்தால் 1.82 மடங்கு வரும். ஒரு பழைய ரேடியேட்டர் மாதிரித் தெரியும் பெட்டிக்கு இவ்வளவு மதிப்பு!

உயிர் முக்கியம்

இன்ஜெக்டர் தெளிப்பின் முன் விரலை நீட்டாதீர்கள். 200 பார் அளவில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டர்போ சீல் போய் என்ஜின் ஆயில் காற்றுப் பாதையில் கலந்தால், பம்பை நிறுத்தினாலும் என்ஜின் நிற்காது. அந்த ஆயிலையே குடித்துக்கொண்டு வேகம் ஏறிச் சிதறும். காற்று வாயை அடைக்க ஒரு தகட்டுப் பலகை எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். கையால் அடைக்கக் கூடாது.

அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி டிரைவர்களைக் கேட்டுப் பாருங்கள். "ஆஃப் பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் ஐடில்ல விடு தம்பி" என்பார்கள். சூடான டர்போவுக்கு ஆயில் திடீரென நின்றால் பேரிங் கருகிவிடும் என்பதே அதன் அறிவியல்.

இன்னொன்று. 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, ரோட்டில் ஓடும் வண்டியின் என்ஜினை அனுமதியின்றி மாற்றக் கூடாது. ஆகவே நம் என்ஜின் ஸ்டாண்டில் ஓடட்டும், ரோட்டில் வேண்டாம்.

கறை படிந்த கை

தோழர்களே! நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். என் வீட்டிலும் நான்தான் முதல் ஆள். முந்திரிக் காட்டிலும் வயலிலும் உழைத்தவர்கள் நம்மை அனுப்பியது, நம் கையாவது சுத்தமாக இருக்கட்டும் என்றுதான். லீவு நாளில் பட்டறைக்குப் போய்வந்தால், "கையில கறை படாத வேலைக்குப் போவன்னுதானே படிக்க வெச்சோம்?" என்று அம்மா கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். பிள்ளை மறுபடியும் கூலி வேலைக்கே திரும்பிவிடுவானோ என்ற பயம்!

அதற்கு நம் பதில் என்ன? பட்டறையில் வேலை செய்யும் அண்ணனுக்குக் கை தெரியும். நமக்குக் கணக்குத் தெரியும். இரண்டும் ஒரே ஆளிடம் சேரும்போதுதான் கூலி என்பது தொழிலாக மாறுகிறது. ஒரு கிராம் எடை 500 கிலோவாக இழுக்கும் என்று கணக்குப் போடத் தெரிந்தவன், எந்த வேலையைத் தொடக் கூடாது என்றும் அறிவான். கணக்கு மட்டும் தெரிந்து ஒரு நட்டைக்கூடக் கழற்றாமல் பட்டயம் வாங்கிப் போனால், டிரெய்னியாகச் சேரும் முதல் நாளே தடுமாறுவோம்.

எனவே மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டில் நாம் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, பழைய இரும்புக் கடையிலிருந்து நான்கு சிலிண்டர் டீசல் என்ஜின் ஒன்றை வாங்குவோம். முதல் ஆண்டினர் கழற்றித் துடைக்கட்டும். இரண்டாம் ஆண்டினர் அளந்து எழுதட்டும். மூன்றாம் ஆண்டினர் ஆசிரியர் முன்னிலையில் பூட்டி ஓடவிடட்டும். டர்போ அதற்கு அடுத்த ஆண்டு வரட்டும், அவசரமில்லை. அது ஓடும் நாளில் நம் பெற்றோர்களை அழைத்து வந்து காட்டுவோம். கறை படிந்த அந்தக் கைகளையும் சேர்த்தே காட்டுவோம்!