சுரங்கத்தில் கரி வீணாவதேன்?

நிலக்கரி என்றதும், தலையில் விளக்கோடு பூமிக்கடியில் குனிந்து நடக்கும் தொழிலாளரே நம் நினைவுக்கு வருவர். ஆனால் இன்று நம் நாட்டு நிலக்கரியில் மிகப் பெரும்பகுதி திறந்தவெளிச் சுரங்கங்களிலிருந்தே கிடைக்கிறது. நம் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி மென்மையானது. சக்கரத்தில் வாளிகள் கோத்த இயந்திரம் அதைச் சீவியெடுக்கிறது. மத்தியப் பிரதேசத்துச் சிங்ரௌலியில் கரி கெட்டியானது. அங்கே வெடி வைத்துத் தளர்த்தி, 'ஷவல்' என்னும் இயந்திரத்தின் மாபெரும் வாளியால் அள்ளுகிறார்கள்.

அள்ளும்போதுதான் கரி வீணாகிறது. அடிபிடித்த சோற்றுப் பானையை எண்ணிப் பாருங்கள். அழுத்திச் சுரண்டினால் தீய்ந்தது நல்ல சோற்றோடு கலக்கும். பயந்து மேலாக எடுத்தால் நல்ல சோறு பானையிலேயே தங்கிவிடும். கரி அடுக்குக்கு மேலும் பாறை, கீழும் பாறை. எனவே தொல்லை இரண்டு பக்கமும் உண்டு. நம் நாட்டுக் கரியில் ஏற்கெனவே சாம்பல் அதிகம். கல்லும் சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை!

பத்து சென்டிமீட்டர் கரி தங்கினால் என்ன என்று தோன்றலாம். கணக்குப் போடுவோம். ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். அதில் 10 செ.மீ. என்றால் 1,000 கன மீட்டர். கன மீட்டருக்கு 1.3 டன் என்று கொண்டாலும் 1,300 டன்! மேலும் கீழும் சேர்த்தால் 2,600 டன். சிங்ரௌலியின் ஜிங்குர்தா அடுக்கு 130 மீட்டருக்கும் மேல் தடிப்புள்ளது. அதற்கு இந்த 20 செ.மீ. ஒரு பொருட்டன்று. இரண்டு மீட்டர் அடுக்குக்கோ பத்தில் ஒரு பங்கு போயிற்று.

விட்ட கரி சும்மாவும் இராது. காற்றுப் பட்டால் தானே சூடேறிப் புகையும். ஜாரியாவில், நிலத்தடிச் சுரங்கங்களில் விட்டுவந்த கரியில் பற்றிய நெருப்பு 1916-இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. நூறாண்டு கடந்தும் அது முற்றிலும் அணையவில்லை.

இழப்பைக் குறைக்க வழியுண்டு. கரியின் மேற்பரப்பைப் புல்டோசரால் முதலில் துப்புரவு செய்ய வேண்டும். பாறையையும் கரியையும் ஒரே வெடியில் தகர்க்காமல் தனித்தனியே தகர்க்க வேண்டும். கம்பிவடத்தால் இயங்கும் ஷவலின் வாளி வில்போல் வளைந்து மேலேறுவதால், மெல்லிய அடுக்கைப் பிரித்தெடுப்பது அதற்குக் கடினம். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஷவல் நம் மணிக்கட்டைப் போல் வாளியைத் திருப்பும்; தரையை ஒட்டி நேராகவும் தள்ளும். ஆகவே மெல்லிய அடுக்குகளுக்கு இதுவே ஏற்றது. வாளியும் சிறியதாக இருத்தல் நலம். வேலை மெதுவாகும், செலவும் ஏறும். ஆயினும் மேலே மண்ணை நிரப்பி மூடிய பிறகு அந்தக் கரிக்காக மறுபடி தோண்டுவார் யார்?