இரண்டு நீலக் கிளிகள்: 'வேறுபடுத்துக' வினாவுக்கு ஒரு பாடம்

'வேறுபடுத்துக' என்றால் நடுவில் கோடு போட்டு இடமும் வலமும் எழுதுவது நம் மாணவர்களுக்குப் பழகிய வேலை. அவை ஏன் வேறுபடுகின்றன என்பது அந்த அட்டவணையில் வருவதில்லை. ஏழாம் வகுப்பில் இதற்காக நான் எடுத்துக்கொண்டவை பிரேசில் நாட்டின் ஹயசிந்த் மக்காவ், லியர் மக்காவ் என்னும் இரு கிளிகள். இரண்டும் ஒரே பேரினம், இரண்டும் நீலம்.

முதலில் அலகின் ஓரத்து மஞ்சளைப் பார்க்கச் சொன்னேன். ஹயசிந்துக்கு அது கீழலகை ஒட்டிய பிறை போன்ற மெல்லிய பட்டை. லியருக்குக் கண்ணீர்த்துளி வடிவில் அகன்ற திட்டு. பிறகு மீட்டர் அளவுகோலைத் தூக்கிக் காட்டி, ஹயசிந்த் அலகு முதல் வால் நுனி வரை ஏறத்தாழ இவ்வளவு நீளம் என்றேன். லியர் சுமார் 70 செ.மீ. தான். அட்டவணைக்கு இது போதும்.

பாடம் தொடங்குவது கூட்டில்தான். பந்தனால் சதுப்பு நிலத்தில் ஹயசிந்த் பெரும்பாலும் மந்துவி என்ற ஒரே வகை மரத்தின் பொந்தில்தான் முட்டையிடுகிறது. இத்தனை பெரிய பறவைக்கு ஏற்ற பொந்து உருவாக, மரத்துக்கு 60 ஆண்டுகளாவது ஆக வேண்டும். அம்மரத்தின் விதைகளைப் பரப்புவதில் பெரும்பங்கு டோக்கோ டூக்கான் பறவைக்கு. அதே டூக்கான்தான் மக்காவின் முட்டைகளையும் தின்கிறது! "அப்போ டூக்கானை விரட்டிடலாமா டீச்சர்?" என்றாள் ஒரு மாணவி. நான் பதில் சொல்லாமல் குழுக்களிடம் விட்டேன். பாதி பாடவேளை அதிலேயே போனது, போகட்டும்.

லியர் வாழ்வது பாகியா மாநிலத்தின் வறண்ட முட்புதர்க் காட்டில். செங்குத்தான மணற்பாறைப் பொந்துகளே அதன் கூடு. லிக்குரி என்னும் பனையின் கொட்டையே முதன்மை உணவு. 1856இல் பெயரிடப்பட்ட இப்பறவையின் காட்டு வாழிடத்தை 1978இல்தான் ஹெல்முட் சிக் கண்டறிந்தார். லிக்குரிக் கன்றுகளை மாடுகள் மேய்ந்துவிடுகின்றன. கொட்டை குறைந்தால் கிளிகள் மக்காச்சோள வயலில் இறங்கும். உழவர்களின் கோபத்துக்கு ஆளாகும்.

இப்போது வினா: நெய்வா கெடஸ் குழுவினர் ஹயசிந்துக்காக மரங்களில் கூட்டுப்பெட்டிகள் பொருத்தினர். அதே பெட்டி லியருக்கு உதவுமா? "அதுக்குப் பாறை இருக்கே, சாப்பாடுதான் வேணும்" என்று கடைசி வரிசையிலிருந்து பதில் வந்தது. தங்கள் ஊர்ப் பச்சைக்கிளி பனைமரப் பொந்தில் இருப்பதை இன்னொருவன் சொல்ல, வீட்டுப்பாடம் தானாகவே அமைந்தது: ஊரில் பொந்துள்ள பனைகளை எண்ணி வருதல்.

மதிப்பீட்டில், 'ஏனெனில்' என்று காரணம் எழுதாத வேறுபாட்டுக்குப் பாதி மதிப்பெண் மட்டுமே தருகிறேன். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.