ஐம்பது அடிச்சான் சரி, யாரை அடிச்சான்?

தங்கச்சி, பையன் மேட்ச் முடிஞ்சு வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் "எத்தனை அடிச்ச?"னு கேக்குறதை முதல்ல நிறுத்து. "யாருடா பவுலிங் போட்டா? மேட்டா, டர்ஃபா? எப்படி அவுட் ஆன?" இந்த மூணையும் கேளு. பெரம்பலூர்லயும் இங்க அரியலூர்லயும் நல்லா பேட் பிடிக்கிற பிள்ளைங்க நிறைய இருக்காங்க. ரெண்டு மேட்ச் சொதப்பினா "படிக்கிற வேலையைப் பாரு"ங்கிறோம். ஒரு மேட்ச் அடிச்சுட்டா சென்னைக்கு அனுப்பிடலாமான்னு யோசிக்கிறோம். ரெண்டுமே வெறும் ரன்னைப் பாத்து எடுக்குற முடிவு.

ரன்னு மட்டும் பேசாதுங்கிறதுக்கு நம்ம தமிழ்நாட்டு பேட்ஸ்மேன் ஜெகதீசனையே எடுத்துக்கோ. 2022 நவம்பர், விஜய் ஹசாரே கோப்பை. ஆந்திராவோட 114, சத்தீஸ்கரோட 107, கோவாவோட 168, ஹரியானாவோட 128. அஞ்சாவதா பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்துல அருணாச்சலப் பிரதேசத்தோட 141 பந்துல 277. உலகத்துலயே லிஸ்ட்-ஏ ஆட்டத்துல அதுவரைக்கும் யாரும் அவ்வளவு அடிச்சதில்லை. பேப்பர் பூரா அந்த 277தான். ஆனா தமிழ்நாடு 2 விக்கெட்டுக்கு 506 எடுத்த அதே பிட்ச்ல எதிரணி 71க்கு ஆல் அவுட். அருணாச்சலம் உள்நாட்டுப் போட்டிக்கே 2018லதான் வந்த டீம். ஜெகதீசனோட திறமையை எடை போடச் சொன்னா, நான் 277க்கு முன்னாடி ஹரியானாவோட அடிச்ச 128ஐத்தான் வெப்பேன். அஞ்சு சதமும் வரிசையா வந்துச்சு பாரு, அந்தத் தொடர்ச்சி அதைவிடப் பெருசு.

உன் பையனுக்கும் இதே கணக்குதான். பக்கத்து ஸ்கூலோட அடிச்ச 70ஐவிட, வேகமா போடுற ஒரு பவுலர் இருக்குற திருச்சி டீமோட அடிச்ச 25 எனக்குப் பெருசு.

அடுத்தது தரை. மக்காச்சோளம் அறுத்த காட்டுல டென்னிஸ் பால் ஆடி வளந்த பிள்ளைங்க நம்ம பக்கம் அதிகம். அந்தப் பந்து லேசு. குறுக்கே இழுத்துச் சுத்தினாலும் பறக்கும். லெதர் பால்ல அதே ஷாட் ஆடினா ஒண்ணு போல்டு, இல்லேன்னா மேல எழும்பி கேட்ச். மேட்டு விரிச்ச பிட்ச்ல பந்து நல்லா எழும்பி ஒரே மாதிரி வரும், பின்னங்கால்ல நின்னு வெட்டி ஆடுறவன் ராஜா மாதிரி தெரிவான். டர்ஃப்ல பந்து தாழும், திரும்பும். அதனால மேட்டுல எடுத்த ரன்னையும் டர்ஃப்ல எடுத்த ரன்னையும் ஒண்ணாக் கூட்டாத, தனித்தனியா எழுதி வை.

எழுதுறதுக்கு ஒரு நாப்பது பக்க நோட்டு போதும். எத்தனை பந்து ஆடினான், அதுல எத்தனை டாட் பால், எத்தனை சிங்கிள், எத்தனை பவுண்டரி, எத்தனை தடவை எட்ஜ் ஆச்சு, கேட்ச் விட்டு லைஃப் கிடைச்சுதா, கடைசியா எந்தப் பந்துக்கு எப்படி அவுட்? ஸ்கோர்புக்ல எட்ஜும் லைஃபும் இருக்காது. பவுண்டரி லைன்ல உக்காந்திருக்கிற நீதான் அதைக் குறிக்கணும். மூணு லைஃப் கிடைச்ச ஐம்பதும், ஒரு எட்ஜ்கூட இல்லாத முப்பதும் ஒண்ணு இல்லை.

ஆவரேஜைப் பாத்து மயங்காத. ஆறு இன்னிங்ஸ்ல 120 ரன், அதுல மூணு நாட் அவுட்னா ஆவரேஜ் 40னு வரும். கடைசி ஓவர்ல இறங்கி நாட் அவுட்டா நிக்கிறவனுக்கு அது ஏறிக்கிட்டே போகும். எத்தனாவதா இறங்கினான்னு பக்கத்துலயே எழுது.

நோட்டு ரொம்ப உதவுறது அவுட் ஆன பக்கத்துலதான். தொடர்ந்து எல்பிடபிள்யூ ஆனா முன்னங்கால் குறுக்கே போகுதான்னு கோச்சைக் கேளு. ஆஃப் ஸ்டம்ப்புக்கு வெளிய போற பந்தைத் தொட்டு கீப்பர்கிட்ட கொடுக்கிறான்னா, விட வேண்டிய பந்து எதுன்னு இன்னும் பிடிபடலை. அமெரிக்காவுல பேஸ்பால் மைனர் லீக்ல இளம் பையன்களைப் பாக்குறவங்களும் இப்படித்தான். பேட்டிங் சராசரி ஒரு நிலைக்கு வர ரொம்ப நாள் ஆகும். கெட்ட பந்தை விடுறானா, எத்தனை தடவை பந்தைத் தொடாமலே அவுட் ஆகுறான்னு பாத்தா சீக்கிரமே ஆள் தெரிஞ்சுடும்.

வயசையும் அவங்க விட மாட்டாங்க, தன்னைவிடப் பெரியவங்களோட ஆடுறானான்னு பாப்பாங்க. நம்ம ஊர்ல அண்டர்-14ல சீக்கிரம் வளந்த பையன் பலத்துல அடிச்சே தப்பிச்சுடுவான். மத்தவங்க வளந்ததும் அந்த வித்தியாசம் போயிடும். குள்ளமா இருக்குற பையன் நேரா பேட் வெச்சு, இடைவெளி பாத்து தட்டி ஓடுறான்னா, அவனுக்கு ரெண்டு வருஷம் கொடு. வைபவ் சூர்யவன்ஷி 14 வயசுல ஐபிஎல்ல 35 பந்துல சதம் அடிச்சாருங்கிறதை நம்ம பிள்ளை தலையில ஏத்தாத. பொண்ணு ஆடினாலும் இதே நோட்டு, இதே கேள்விதான். மதுரை கமலினி 16 வயசுல மகளிர் பிரீமியர் லீக் ஏலத்துல 1.60 கோடிக்குப் போனவங்க.

ஒரு இன்னிங்ஸை வெச்சு அழவும் வேண்டாம். சாய் சுதர்சன் 2021ல டிஎன்பிஎல்ல 43 பந்துல 87 அடிச்சு வெளிய தெரிஞ்சார். 2025 ஐபிஎல்ல 759 ரன், ஆரஞ்சு தொப்பி. சில வாரத்துலயே லீட்ஸ்ல முதல் டெஸ்ட், முதல் இன்னிங்ஸ்ல 0. இவ்வளவு பெரிய ஆளுக்கே அப்படின்னா, அண்டர்-14 பையன் ஒரு நாள் டக் அவுட் ஆனதுக்கு வீட்டுல சாப்பாடு இறங்காம உக்காராதீங்க. ஒரு சீசன் முழுக்க எழுதி, அடுத்த சீசனோட ஒப்பிட்டுப் பாரு. டாட் பால் குறைஞ்சிருக்கா, போன வருஷம் அவுட் ஆன பந்துக்கே இப்பவும் அவுட் ஆகுறானா, அதைப் பாத்தா போதும்.

மாவட்டத் தேர்வுக்குப் போறப்போ பிறப்புச் சான்றிதழ், ஆதார் ஒரிஜினலை எடுத்துக்கோ. அண்டர்-16க்குப் போனா பிசிசிஐ எலும்பு வயசுப் பரிசோதனையும் வரும், அதனால தேதியில ஒரு நாள்கூட மாத்தி எழுதாத. நோட்டை கோச்கிட்ட காட்டு, செலக்டர்கிட்ட நீட்டாத. அங்க பையன் ஆடட்டும்.